அயோடினைத் தந்த பெர்னார் கூர்த்துவா

எங்கள் சிறு வயதில் கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அம்மா அலமாரியிலிருந்து எடுப்பது ஒரு சின்னப் பழுப்பு நிறச் சீசா. டிங்க்சர் அயோடின். விழுந்த வலியைவிட அந்த மருந்தின் எரிச்சல் பெரிதாக இருக்கும். பஞ்சில் தொட்டு வைத்த இடம் நாலு நாளைக்கு மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும். அந்தச் சீசாவில் இருந்த பொருள் எங்கிருந்து வந்தது, அதை முதலில் கண்டவர் யார் என்றெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள்?

பிறகு பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி வகுப்பில் ஒரு நாள், பேராசிரியர் ஒரு சோதனைக் குழாயில் கறுப்பு நிறத் துணுக்குகள் சிலவற்றைப் போட்டுச் சூடு காட்டினார். குழாய் முழுவதும் அழகான ஊதா நிறப் புகை பரவியது. குழாயின் மேற்பகுதியில், சூடு குறைந்த இடத்தில், அந்தப் புகை மறுபடியும் பளபளக்கும் படிகமாக ஒட்டிக்கொண்டது. நாம் கற்பூரத்தில் பார்ப்பது போலத்தான். இந்தப் படிகத்தை முதலில் பார்த்தவர் பெர்னார் கூர்த்துவா என்கிற பிரெஞ்சுக்காரர் என்று பேராசிரியர் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

அந்த ஒரு வரி மனிதரை இத்தனை வருஷம் கழித்து எனக்கு ஞாபகப்படுத்தியவை இரண்டு சம்பவங்கள். ஒன்று, எங்கள் வீட்டுச் சமையலறையில் வழக்கமான அயோடின் உப்புப் பொட்டலம் காணாமல் போய், அந்த இடத்தில் இந்துப்பு வந்து உட்கார்ந்தது. உறவினர் ஒருவர் அதுதான் உடம்புக்கு நல்லது என்று சொன்னாராம். இரண்டாவது, காலை நடையில் என்னுடன் வரும் நண்பர் ஒருவர், தைராய்டுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, கடற்பாசி மாத்திரைச் சீசா ஒன்றை வாங்கிக் காட்டினார். ஒருவர் அயோடினை வேண்டாம் என்று தள்ளுகிறார். மற்றவர் அதை அளவில்லாமல் விழுங்கப் பார்க்கிறார். இருவருக்கும் பதிலாகக் கூர்த்துவாவின் வாழ்க்கையையே சொல்லலாம் என்று தோன்றியது. விஷயம் தெரிந்த அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அகாடமியில் வளர்ந்த பையன்

பெர்னார் கூர்த்துவா 1777-ஆம் வருஷம் பிரான்ஸின் டிஜோன் நகரத்தில் பிறந்தார். தந்தை ழான் பாப்டிஸ்ட் கூர்த்துவா, டிஜோன் அகாடமியில் கித்தோன் தெ மொர்வோ என்ற பிரபல ரசாயன அறிஞருக்கு உதவியாளர். லவாய்சியருடன் சேர்ந்து ரசாயனப் பொருள்களுக்கு ஒழுங்கான பெயரிடும் முறையை வகுத்தவர்களில் ஒருவர் இந்த மொர்வோ. அவர் நடத்திய பொதுச் சொற்பொழிவுகளுக்குச் சோதனைகளைத் தயார் செய்து கொடுப்பது தந்தையின் வேலை. குடும்பம் அகாடமிக் கட்டடத்திலேயே குடியிருந்தது. ஆகவே பையனுக்கு அடுப்பும் குடுவையும் விளையாட்டுச் சாமான்கள் மாதிரி.

தந்தை வெறும் உதவியாளராகவே இருந்துவிடவில்லை. அந்தக் காலத்தில் வெள்ளைப் பெயின்டுக்கு ஈயத்தைத்தான் உபயோகித்தார்கள். அது விஷம், பெயின்ட் அடிப்பவர்களின் உடம்பைக் கெடுத்தது. மொர்வோவின் யோசனைப்படி, ஈயத்துக்குப் பதிலாகத் துத்தநாகத்தை வைத்து வெள்ளை நிறம் தயாரித்துக் காட்டினார் தந்தை. அத்துடன் வெடியுப்புத் தயாரிக்கும் தொழிலிலும் இறங்கினார். இந்த வெடியுப்புத் தொழில்தான் பின்னால் மகனைத் தூக்கியும் விட்டது, கீழே தள்ளியும் விட்டது.

வாலிப வயதில் பெர்னார், ஓசேர் என்ற ஊரில் ஃப்ரெமி என்ற மருந்துக் கடைக்காரரிடம் தொழில் பழகினார். பிறகு பாரிஸுக்குப் போய், எகோல் பாலிடெக்னிக்கில் ஃபூர்குருவா என்ற ரசாயனப் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இடம் பிடித்தார். 1799-ல் ராணுவத்தில் அழைப்பு வந்தது. ராணுவ ஆஸ்பத்திரிகளில் மருந்தாளுநராகச் சேவை செய்துவிட்டு மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்கே திரும்பினார்.

அங்கே அர்மான் செகேன் என்பவருடன் சேர்ந்து அபினியை ஆராய்ந்தார். அபினியிலிருந்து ஒரு படிகப் பொருள் பிரிந்தது. இன்று நாம் மார்ஃபின் என்கிறோமே, அதுவே அது. செகேன் 1804-ல் அந்த ஆராய்ச்சியைப் பாரிஸ் அறிஞர் சபையில் வாசித்தார். அச்சில் வந்தது 1814-ல்தான். இதற்குள் ஜெர்மனியில் செர்ட்யூர்னர் என்ற மருந்தாளுநர் தம்முடைய ஆராய்ச்சியை 1805-லேயே வெளியிட்டுவிட்டார். மார்ஃபின் கண்டுபிடித்த பெருமை அவருக்கே போயிற்று. கூர்த்துவாவின் பெயர் அதில் அநேகமாக அடிபடவே இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது அவர் வாழ்க்கையில் இது முதல் தடவை.

சாம்பலும் வெடியுப்பும்

1804 வாக்கில் கூர்த்துவா பாரிஸில் வெடியுப்புத் தொழிலை ஆரம்பித்தார். தந்தையின் தொழில் நொடித்துக் கடன் ஏறியிருந்த சமயம். 1808-ல் மதலேன் யூலலி மொரான் என்ற பெண்ணை மணந்தார். அந்தப் பெண்ணின் தகப்பனார் சிகை அலங்காரத் தொழில் செய்தவர். ஆக, ஆராய்ச்சிக்கு ஆசைப்பட்ட மனிதர், கடனுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நின்று தொழில் பார்க்க வேண்டியவரானார்.

வெடியுப்பு இல்லாமல் வெடிமருந்து இல்லை. வெடிமருந்து இல்லாமல் நெப்போலியனுக்கு யுத்தம் இல்லை. அந்தக் காலத்தில் உலகத்திலேயே தரமான, மலிவான வெடியுப்பு நம் நாட்டின் பீகார், வங்காளப் பகுதிகளிலிருந்துதான் கிடைத்தது. நோனியா என்ற சமூகத்தார் மண்ணைச் சுரண்டிக் காய்ச்சி அதை எடுத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றியது. இங்கிலாந்துடன் யுத்தம் செய்யும் பிரான்ஸுக்கு அது கிடைக்குமா? ஆகவே பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஊரிலேயே மாட்டுத் தொழுவ மண், பழைய சுவர்களின் காரை என்று சேகரித்து வெடியுப்பு காய்ச்ச வேண்டியதாயிற்று. காய்ச்சியதை வாங்குவது சர்க்கார். விலை வைப்பதும் சர்க்கார்தான்.

இந்த முறையில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் கால்சியம் நைட்ரேட். வெடிமருந்துக்கு வேண்டியது பொட்டாசியம் நைட்ரேட். ஒன்றை மற்றொன்றாக மாற்றச் சாம்பலின் காரம் வேண்டும். மரச் சாம்பலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால், நார்மண்டி, பிரிட்டனி கடற்கரைகளில் ஒதுங்கும் கடற்பாசியை எரித்துக் கிடைத்த சாம்பலை உபயோகித்தார்கள். கடலோர ஜனங்களுக்கு அது ஒரு தொழில். பாசியைச் சேகரித்து, உலர்த்தி, குழிகளில் போட்டு எரிப்பார்கள். சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, வேண்டிய உப்புகளைப் பிரித்த பிறகு ஒரு கழிவுநீர் மிஞ்சும். அதை யாரும் லட்சியம் செய்ததில்லை.

ஊதா நிறப் புகை

கூர்த்துவா ஒரு விஷயத்தைக் கவனித்தார். கடற்பாசிச் சாம்பல் நீரைக் காய்ச்சும் செப்புப் பாத்திரங்கள் அளவுக்கு மீறி அரித்துப் போயின. சாம்பலில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. 1811-ன் பிற்பகுதியில் ஒரு நாள், அந்தக் கழிவுநீரில் கந்தக அமிலத்தை வழக்கத்தைவிட அதிகமாகச் சேர்த்தார். உடனே ஊதா நிறப் புகை எழும்பியது. குளிர்ந்த இடத்தில் பட்டதும் அது திரவமாகாமல், உலோகம் போல் பளபளக்கும் கருமையான படிகமாகப் படிந்தது.

அவர் வளர்த்த பூனை அமிலச் சீசாவைத் தட்டிவிட்டதால்தான் இது நடந்தது என்று ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் சுவாரஸ்யத்துக்காகச் சேர்ந்துகொண்ட கதை அது. பூனை வந்ததோ இல்லையோ, பாத்திரம் ஏன் அரிக்கிறது என்று கேட்ட மனது கூர்த்துவாவுடையது. அதே கழிவுநீரை எத்தனையோ தொழிற்சாலைகளில் எத்தனையோ பேர் கொட்டியிருக்கிறார்கள்.

ரசாயனம் இதுதான்: கடற்பாசியில் அயோடின், அயோடைடு என்ற உப்பு வடிவில் இருக்கிறது. சூடான கந்தக அமிலம் அந்த அயோடைடிலிருந்து அயோடினை விடுவித்துவிடுகிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம்தான். அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. லாமினேரியா என்ற பழுப்புக் கடற்பாசி, அந்த நீரிலிருந்து அயோடினை உறிஞ்சி, கடல் நீரில் இருப்பதைப்போல் 30,000 மடங்கு வரை தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. எதற்காக என்பது 2008-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில்தான் தெளிவாயிற்று. கடல் உள்வாங்கும்போது பாசி வெயிலிலும் காற்றிலும் கிடந்து தவிக்கிறது. அப்போது அதன் திசுக்களைக் கெடுக்கும் ஆக்ஸிஜன் கூட்டுப்பொருள்களை இந்த அயோடைடுதான் முறிக்கிறது. பாசி தன் பாதுகாப்புக்குச் சேர்த்து வைத்தது, பிறகு நம் பாதுகாப்புக்கும் உதவியது என்று சொல்லலாம்.

கண்டவர் ஒருவர், பெயரிட்டவர் ஒருவர்

கூர்த்துவா அந்தப் படிகத்தைத் தம்மால் இயன்ற வரை சோதித்தார். ஹைட்ரஜனுடனும் பாஸ்பரஸுடனும் அது சேர்கிறது, கார்பனுடன் எளிதில் சேர்வதில்லை, அம்மோனியாவுடன் சேர்ந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகிறது என்பதையெல்லாம் அவரே கண்டார். இது ஒரு புதிய தனிமமாக இருக்கலாம் என்ற எண்ணமும் அவருக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிக்க நல்ல ஆய்வுக்கூடம் வேண்டும், அவகாசம் வேண்டும், பணம் வேண்டும். மூன்றும் அவரிடம் இல்லை. பகலெல்லாம் வெடியுப்புக் கொப்பரையைப் பார்த்தாக வேண்டும்.

இந்த இடத்தில் அவர் செய்த காரியம்தான் என் மனதைத் தொட்டது. படிகத்தைப் பூட்டி வைக்கவில்லை. டிஜோன் காலத்து நண்பர்களான கிளமான், தெசோர்ம் என்ற இரு ரசாயன அறிஞர்களிடம் கொடுத்து, ஆராய்ச்சியைத் தொடரச் சொன்னார். கே லுஸாக், ஆம்பியர் ஆகியோர் கையிலும் அது சேர்ந்தது. மின்சார அளவைக்கு இன்றும் பெயராக இருக்கும் அதே ஆம்பியர்தான்.

1813 நவம்பர் 29-ஆம் தேதி கிளமான் இந்தப் புதிய பொருளைப் பற்றிப் பாரிஸ் அறிஞர் சபையில் அறிவித்தார். கண்டுபிடித்தவர் கூர்த்துவா என்பதைத் தெளிவாகவே சொன்னார். அதே சமயத்தில் இங்கிலாந்தின் பிரபல விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி பாரிஸில் இருந்தார். இரு நாடுகளுக்கும் யுத்தம் நடக்கும்போதே நெப்போலியன் அவருக்கு அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார். டேவியின் உதவியாளராகக் கூட வந்த வாலிபர் மைக்கேல் ஃபாரடே. ஆம்பியர் கொடுத்த துளிப் பொருளை, தம்முடன் கொண்டுவந்த சிறிய பெட்டிக்குள் அடங்கிய கருவிகளை வைத்தே டேவி சோதித்தார். கே லுஸாக்கும் அவசர அவசரமாகச் சோதனையில் இறங்கினார். டிசம்பர் 6-ஆம் தேதி அவருடைய முடிவு வெளிவந்தது. டிசம்பர் 10-ஆம் தேதியிட்டு டேவி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். குளோரினைப் போன்ற ஒரு புதிய தனிமம் என்றே இருவரும் முடிவு கட்டினார்கள்.

ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு இயோது என்று பெயரிட்டவர் கே லுஸாக். குளோரினோடு ஒத்துப் போகும்படி அதை அயோடின் என்று ஆக்கியவர் டேவி. யார் முந்தியவர் என்று இருவருக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டு, அது பல காலம் நீடித்தது. ஆனால் முதலில் கண்டவர் கூர்த்துவா என்பதில் மட்டும் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. சண்டை போட்டவர்கள் இருவரும் பெரிய பதவிகளில் இருந்தார்கள். கொடுத்தவர் கொப்பரைக்கே திரும்பிப் போனார்.

கொப்பரை அணைந்தது

1815-ல் நெப்போலியன் வீழ்ந்தார். சமாதானம் வந்தது. பிரான்ஸுக்கு அது நல்ல செய்தி. வெடியுப்புக் காய்ச்சியவர்களுக்கு இல்லை. யுத்தத்துக்கான தேவை குறைந்தது. இந்தியாவிலிருந்து மலிவான வெடியுப்பு தடையில்லாமல் வர ஆரம்பித்தது. மண்ணையும் காரையையும் காய்ச்சி எடுத்த சரக்கு அதோடு போட்டி போட முடியவில்லை. 1820-களின் தொடக்கத்தில் கூர்த்துவா அந்தத் தொழிலை விட்டார். பிறகு தாம் கண்ட அயோடினையே தயாரித்து விற்று ஜீவனம் செய்யப் பார்த்தார். அவர் தயாரித்த அயோடினின் தரம் நல்ல தரம். ஆனால் அதற்குள் வேறு பலரும் அந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார்கள். மூலதனம் உள்ளவர்கள், கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். 1830-களின் நடுவில் அந்த வியாபாரமும் நின்றது.

1831-ல் பிரெஞ்சு அறிவியல் அகாடமி அவருக்கு மோன்தியோன் பரிசாக 6,000 ஃபிராங்க் கொடுத்தது. மருத்துவத்துக்கு உதவிய கண்டுபிடிப்பு என்பதற்காக வந்த பரிசு. கண்டுபிடித்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு அயோடினால் கிடைத்த பெரிய பலன் இது ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும். 1838 செப்டம்பர் 27-ஆம் தேதி பாரிஸில் காலமானார். மனைவிக்கும் மகனுக்கும் சொத்து என்று எதுவும் விட்டுச் செல்லவில்லை. பிறந்த ஊரான டிஜோன், கண்டுபிடிப்பின் நூற்றாண்டை 1913-ல் கொண்டாடி அவரை நினைவுகூர்ந்தது.

புகை மருந்தான கதை

கூர்த்துவா உயிரோடு இருக்கும்போதே அயோடின் மருத்துவத்துக்குள் நுழைந்துவிட்டது. ஜெனிவாவில் ழான் பிரான்ஸுவா குவாந்தே என்று ஒரு டாக்டர். சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிகளில் முன்கழுத்துக் கழலை மிகச் சாதாரணம். அதற்குக் கடற்பஞ்சைச் சுட்டுப் பொடி செய்து கொடுப்பது பழைய வழக்கம். சீனத்திலும் கழலைக்குக் கடற்பாசி கொடுக்கும் பழக்கம் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது. பஞ்சிலும் பாசியிலும் பொதுவாக இருப்பது அயோடின்தான், குணப்படுத்துவதும் அதுவாகவே இருக்க வேண்டும் என்று குவாந்தே ஊகித்தார். 1820-ல், அயோடின் கரைசல் கொடுத்துப் பல நோயாளிகளின் கழலை சுருங்கியதை வெளியிட்டார்.

செய்தி பரவியதும் ஜனங்கள் தாங்களாகவே வாங்கிக் குடிக்கத் தொடங்கினார்கள். விளைவு விபரீதமாயிற்று. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், உடம்பு இளைத்தல் என்று பலர் அவதிப்பட்டார்கள். இன்று நமக்குக் காரணம் தெரியும்: பல காலம் அயோடினுக்கு ஏங்கியிருந்த தைராய்டு சுரப்பி, திடீரென்று அள்ளிக் கொடுத்ததும் அளவுக்கு மீறி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. மருந்து சரிதான், அளவுதான் தப்பு.

அந்த அளவைக் கண்டுபிடிக்கச் சுமார் நூறு வருஷம் ஆயிற்று. தென் அமெரிக்காவில் வேலை பார்த்த பூசிங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, அயோடின் கலந்த உப்பை ஜனங்களுக்குக் கொடுக்கலாம் என்று 1830-களிலேயே சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஷதேன் என்பவர், கழலை உள்ள ஊர்களின் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு என்று 1850-களில் அளந்து காட்டினார். அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 1895-ல் ஜெர்மனியில் பவ்மான், தைராய்டு சுரப்பிக்குள்ளேயே அயோடின் இருப்பதைக் கண்டார். 1914 கிறிஸ்துமஸ் தினத்தில் அமெரிக்காவில் கெண்டால் என்பவர் தைராக்ஸின் என்ற ஹார்மோனைத் தனியே பிரித்தார். 1917-ல் ஒஹையோ மாநிலத்தில் டேவிட் மரீன் பள்ளிக்கூடப் பெண்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அயோடின் கொடுத்துக் கழலையைத் தடுத்துக் காட்டினார். 1922-ல் சுவிட்சர்லாந்திலும் 1924-ல் அமெரிக்காவின் மிச்சிகனிலும் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்தது.

நம் நாட்டில் இதற்கு வழிகாட்டியது காங்ரா பள்ளத்தாக்கு. டாக்டர் வி. ராமலிங்கஸ்வாமியும் அவருடைய சகாக்களும் 1956-ல் அங்கே ஆய்வைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். சில வருஷங்களில், அயோடின் உப்பு கிடைத்த பகுதிகளில் கழலை நன்றாகக் குறைந்தது. மற்ற பகுதியில் குறையவில்லை. 1962-ல் சர்க்கார் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தை ஆரம்பித்தது. கழலை மட்டுமே பிரச்சினை இல்லை, கர்ப்பிணிக்கு அயோடின் குறைந்தால் பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும் என்பது தெளிவானதால், 1992-ல் திட்டத்தின் பெயரே அயோடின் குறைபாட்டு நோய்கள் தடுப்புத் திட்டம் என்று மாறியது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டு உபயோகத்துக்கு விற்பது 2006 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது.

நம் வீட்டு உப்பு ஜாடி

இனி அந்த உறவினருக்கும் நண்பருக்கும் வருகிறேன்.

கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்குமே, கல் உப்பு போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல் நீரில் உப்பு சுமார் 35 கிராம். அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். உப்பளத்தில் அவ்வளவு அயோடினும் உப்போடேயே தங்கிவிடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் கிடைக்கும். உண்மையில் அவ்வளவுகூடத் தங்குவதில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம்; கர்ப்பிணிகளுக்கு 250. தூத்துக்குடி உப்பானாலும் குஜராத் உப்பானாலும், தொழிற்சாலையில் பொட்டாசியம் அயோடேட் சேர்த்தால்தான் அது அயோடின் உப்பு. இந்துப்பு பாறையிலிருந்து வருவது. அயோடின் சேர்த்ததாகப் பொட்டலத்தில் போட்டிருந்தாலொழிய அதில் அயோடினை எதிர்பார்ப்பதற்கில்லை.

நம்மவர்களுக்கு இது கூடுதல் முக்கியம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அதன் மூலம் கொஞ்சம் அயோடின் கிடைக்கும். சைவ உணவுக்காரர்களான நமக்குப் பால், தயிர் விட்டால் உப்புதான் வழி. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கட்டாயம் குறைக்க வேண்டும். குறைத்துப் போடும் அந்த உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும் என்பதுதான் நான் சொல்வது. வீட்டில் கல்யாணமான இளம் பெண்கள் இருந்தால் இதில் இன்னும் கவனம் தேவை. அதோடு, பொட்டலத்தைப் பிரித்த பிறகு ஈரமில்லாத மூடிய பாத்திரத்தில், அடுப்புக்கு எட்டத் தள்ளி வைப்பது நல்லது. ஈரமும் சூடும் அயோடினைக் குறைத்துவிடும்.

கடற்பாசி மாத்திரைக்கு வருவோம். லாமினேரியா வகைப் பாசி உலர்ந்த நிலையில் ஒரு கிராம் எடுத்துக்கொண்டாலே, ஒரு நாள் தேவையைப் போல் பத்து மடங்குக்கு மேல் அயோடின் இருக்கக்கூடும். ஏற்கெனவே தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடும் எழுபது வயதுக்காரர் அதை டாக்டரிடம் சொல்லாமல் விழுங்கினால், ஜெனிவா நோயாளிகளுக்கு நேர்ந்தது அவருக்கும் நேரலாம். சுரப்பி திடீரென்று வேலையை நிறுத்திக்கொள்வதும் உண்டு.

கடற்பாசியில் மருத்துவப் பொருள்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழுப்புப் பாசியிலிருந்து 1880-களில் ஸ்டான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் பிரித்த ஆல்ஜின், இன்று புண்களுக்குக் கட்டும் பட்டைகளிலும் நெஞ்செரிச்சல் மருந்திலும் உபயோகமாகிறது. அவரும் கடற்பாசியிலிருந்து அயோடின் எடுக்கும் தொழிலில் இருந்தவர்தான். நம் மண்டபம், ராமேஸ்வரம் கடலோரத்தில் எடுக்கும் பாசிகளிலிருந்து அகாரும் ஆல்ஜினும் தயாராகின்றன. ஃபுகாய்டன், ஃபுகோஸாந்தின், ஃப்ளோரோடானின் போன்ற பொருள்களைப் பற்றி ஆய்வுக்கூடங்களில் சுறுசுறுப்பாக வேலை நடக்கிறது. கட்டி, வீக்கம், சர்க்கரை, கிருமி என்று பலவற்றின் மேலும் அவற்றுக்குச் செயல் உண்டு என்று குழாய்ச் சோதனைகளும் எலிச் சோதனைகளும் காட்டுகின்றன. ஆனால் குழாயில் நடப்பது வேறு, மனித உடம்பில் நடப்பது வேறு. ஊதாப் புகைக்கும் அளந்து கொடுக்கும் உப்புக்கும் நடுவில் நூறு வருஷம் ஆயிற்று என்பதை மறந்து, விளம்பரத்தைப் பார்த்தவுடன் சீசாவை வாங்குவது சரியில்லை. என் நண்பரிடம் இதைச் சொன்னேன். சீசாவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இன்று உலகத்துக்கு வேண்டிய அயோடின் கடற்பாசியிலிருந்து வருவதில்லை. பெரும்பகுதி சிலி நாட்டின் பாலைவனத்தில் கிடைக்கும் ஒரு கனிமப் படிவிலிருந்தும், அடுத்தபடியாக ஜப்பானில் நிலத்தடி உப்பு நீரிலிருந்தும் வருகிறது. சிலியின் அந்தப் படிவும் ஒரு வகை வெடியுப்புதான். கூர்த்துவாவை வாழ்நாள் முழுவதும் விடாத வெடியுப்பு, அவர் கண்ட பொருளையும் இன்னும் விடவில்லை.

அவர் படிகத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, தமக்கு நேரம் வரும்போது ஆராயலாம் என்று இருந்திருந்தால், ஒருவேளை அவருக்கே அந்த நேரம் வராமல் போயிருக்கும். தம்மால் முடிந்தது இவ்வளவு என்று தெரிந்துகொண்டு, முடிந்தவர்கள் கையில் கொடுத்தார். கொடுத்ததால் அவருக்கு லாபம் இல்லை. பலன் காங்ராவின் மலைக் கிராமத்துக் குழந்தைக்கும், பெயர் தெரியாத எத்தனையோ தாய்மார்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

எங்கள் வீட்டில் இந்துப்புப் பொட்டலம் தீர்ந்ததும் பழைய அயோடின் உப்பே திரும்பி வந்துவிட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். நம் தினப்படி உப்பில் ஒரு சிட்டிகை நன்மையைச் சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்கையோடு போன பெர்னார் கூர்த்துவாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நியாயம்தானே!